தமிழில் தன்வெளியீடு: கையொப்பம், கடன், கைச்சுமை

முன்னுரை

தமிழ் நூலொன்றைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் அடுத்து வெளியீட்டாளர் பெயரை நோக்குவது வழக்கம். அவ்விடத்தில் 'ஆசிரியர் வெளியீடு' என்றோ, ஆசிரியரின் வீட்டு முகவரியையே தன் முகவரியாகக் கொண்ட ஒரு பதிப்பகப் பெயரோ இருப்பின், நூலைப் படிக்கத் தொடங்குமுன்பே அதன் தரம் பற்றி ஓர் ஐயம் எழுந்துவிடுகிறது. பதிப்பகம் எதுவும் ஏற்காமையால் ஆசிரியரே அச்சிட்டுக்கொண்டார் என்னும் முன்முடிவே அவ்வையத்துக்குக் காரணம். இம்முன்முடிவு தமிழ் அச்சு வரலாற்றோடு பொருந்துவதன்று. தமிழிலக்கிய வரலாற்றில் திருப்புமுனைகளாக அமைந்த நூல்கள் சில, அவற்றை உருவாக்கியவர்களின் கைப்பொருளாலும் கடனாலும் அலைச்சலாலும் வெளிவந்தவையே.

எனினும், தன்வெளியீட்டை வெறும் தியாகக் கதையாகப் பேசுவதும் ஆய்வாகாது. ஒரு நூலைத் தானே வெளியிட முனையும் ஆசிரியர் பொருள் திரட்டுகிறார், நூலை உருவாக்குகிறார், வாசகரிடம் சேர்க்கிறார். இம்மூன்றனுள் எது எளிதாயிற்று, எது தடையாயிற்று என்பதைச் சான்றுகள் வழி நோக்க வேண்டும். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு (1887), சுப்பிரமணிய பாரதியின் நூல்வெளியீட்டுத் திட்டம் (1920), சி.சு. செல்லப்பாவின் எழுத்து பிரசுர முயற்சிகள் (1959 முதல் 1997 வரை) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, தன்வெளியீட்டின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது பொருள் முதலன்று, முன்கூட்டி அறியப்பட்ட வாசகரே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்வெளியீடு: வரையறை

இங்குத் தன்வெளியீடு என்பது, நூலை உருவாக்கியவரே அதன் செலவையும் அச்சு மேற்பார்வையையும் விற்பனையையும் ஏற்பதைக் குறிக்கும். ஆசிரியரிடம் பணம் பெற்றுக்கொண்டு பதிப்பகம் தன் பெயரை இட்டு வெளியிடும் முறை இதனுள் அடங்காது. அங்கு ஆசிரியர் செலவை மட்டுமே ஏற்கிறார். முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை.

1835ஆம் ஆண்டில் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் நீங்கியபின் இந்தியர் அச்சுத்தொழிலில் பெருமளவில் இறங்கினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். எழுதுபவர், பதிப்பிப்பவர், அச்சிடுபவர் என்னும் மூவரும் அவரிடத்தில் ஒருவரே ஆயினர். சி.வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகள் அழிந்துவரும் நிலையைப் பதிப்புரைகளில் எடுத்துரைத்தார். பதிப்பகம் என்னும் நிறுவனம் தனித்து வளராத அக்காலத்தில் தன்வெளியீடு விதிவிலக்காக இருக்கவில்லை. அதுவே பொதுவழியாக இருந்தது.

இவ்வரலாற்றை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று, 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்த் தொகுக்கப்பட்ட காலாண்டு நூற்பட்டியல். நூற்பெயர், ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் என்பவற்றோடு அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை, விலை, பதிப்புரிமை உடையவர் ஆகியனவும் அதில் பதியப்பெற்றன. யார் தம் நூலைத் தாமே வெளியிட்டார் என்பதை அப்பட்டியல் காட்டிவிடும். யார் அதைப் படித்தார் என்பதை அது காட்டாது. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் களம்.

கையொப்பம்: சிந்தாமணிப் பதிப்பு

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரை 1880இல் சந்தித்ததையும், அவர் தூண்டுதலால் சிந்தாமணியில் ஈடுபட்டதையும் தமிழுலகம் நன்கறியும். ஏடு தேடிய வரலாறு பெரிதும் பேசப்பட்ட அளவுக்கு, அந்நூல் அச்சேறிய பொருளாதாரம் பேசப்படவில்லை. என் சரித்திரத்தில் அதற்கான செய்திகள் மிகுதியாக உள்ளன.

கல்லூரி ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தில் உரையுடன் கூடிய பெருங்காப்பியத்தை அச்சிட இயலாது. எனவே அவர் கையொப்ப முறையைக் கைக்கொண்டார். நூல் வெளிவந்ததும் இத்தனை படிகளைப் பெற்றுக்கொள்வோம் என்று முன்னரே ஒப்புக்கொண்டு ஒப்பமிடுவோரின் பட்டியலைத் திரட்டுவதே அம்முறை. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பூண்டி அரங்கநாத முதலியார் போன்றோரின் துணை அவருக்குக் கிட்டியது. திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பும் அதனால் வாய்த்த புலவர் வட்டமும் பின்னணியில் நின்றன. சென்னைத் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் பணி நடைபெற்றது. ஆசிரியரோ கும்பகோணத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விடுமுறைகளில் சென்னைக்குச் செல்வதும், பிற நாட்களில் ஊரிலிருந்தபடியே திருத்தப் பணியைத் தொடர்வதுமாக நூல் 1887இல் நிறைவுற்றது.

கையொப்பத்தைப் பண உதவி என்று மட்டும் கொள்வது அதன் இயல்பைக் குறைத்துக் காண்பதாகும். ஒப்பமிட்டவர் ஒவ்வொருவரும் நூலின் முதல் வாசகர். அவருடைய பெயரும் ஊரும் பதிப்பாசிரியருக்குத் தெரியும். எத்தனை படி அச்சிடலாம் என்னும் கேள்விக்கு அப்பட்டியல் ஓரளவு விடை தருகிறது. நூல் எத்தகைய உதவிகளோடு அமைய வேண்டும் என்பதையும் அவ்வாசகரின் தேவையே முடிவு செய்கிறது. சமண சமயக் காப்பியத்தைச் சைவச் சூழலில் வளர்ந்த வாசகரிடம் கொண்டு செல்ல வேண்டியிருந்தமையால், நூல் பற்றிய விளக்கங்களும் முன்செய்திகளும் இன்றியமையாதனவாயின. பிற்காலத்தில் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என அவருடைய பதிப்புகள் தொடர்ந்து வெளிவர முடிந்ததற்குச் சிந்தாமணி உருவாக்கித் தந்த வாசகர் வட்டமும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

இம்முறையின் எல்லையும் நோக்கத்தக்கது. கையொப்பமிடக்கூடியவர் மடத்தலைவரும், நிலவுடைமையாளரும், வழக்கறிஞரும், கல்லூரி ஆசிரியரும் ஆகிய படித்த வசதியுடையோரே. அவ்வட்டத்துக்கு வெளியே இம்முறை செல்லாது. அவ்வட்டத்துக்கு வெளியே செல்ல விரும்பியவர் பாரதி.

கடன்: பாரதியின் திட்டம்

பாரதியின் நூல்கள் அவர் வாழ்நாளில் வெளிவந்த முறை ஒழுங்கற்றது. ஸ்வதேச கீதங்கள் 1908இல் வெளிவந்தது. புதுச்சேரிக் காலத்து வெளியீடுகளான கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகியவை 1911இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டன. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அச்சாயிற்று. இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப்பின் 1924இல்தான் வெளிவந்தது. மாதா மணிவாசகம் 1914இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அச்சிடப்பட்டது. கண்ணன் பாட்டு 1917இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் நூலாயிற்று. ஒரு காப்பியத்தின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பது கவிஞரின் சோர்வைக் காட்டுவதன்று. வெளியீட்டு வழி அடைபட்டதைக் காட்டுவது.

இப்பின்னணியில் 1920இல் கடையத்திலிருந்து பாரதி நண்பர்களுக்கு விடுத்த வேண்டுகோளைப் படிக்க வேண்டும். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 10,000 படிகள் அச்சிடுவது அவர் திட்டம். தொடக்க முதலாக 20,000 ரூபாய் தேவை எனக் கணக்கிட்டார். அதனை நன்கொடையாகக் கேட்கவில்லை. வட்டியுடன் திருப்பித் தரும் கடனாகவே கேட்டார். நூலின் விலை அரை ரூபாய். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பனையாவதைக் காட்டிலும் எளிதாகத் தம் நூல்கள் விற்பனையாகும் என்னும் நம்பிக்கை அவ்வேண்டுகோளில் வெளிப்படுகிறது. திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் காலமானார்.

இத்திட்டத்தை உலகியல் அறியாக் கவிஞரின் கனவு என ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. கணக்கை எடுத்து நோக்கினால் அம்முடிவு நிற்பதில்லை. 40 நூல்கள், நூலுக்கு 10,000 படிகள் எனில் மொத்தம் 4,00,000 படிகள். அரை ரூபாய் வீதம் அனைத்தும் விற்றால் 2,00,000 ரூபாய். தொடக்க முதலான 20,000 ரூபாயை ஈட்ட, விற்பனைக் கழிவை நீக்காமல் கணக்கிட்டால், 40,000 படிகள் போதும்; அதாவது நூலொன்றுக்கு 1,000 படிகள். நூலுக்கு ஆயிரம் படி என்பது கனவுலக எண்ணன்று. பின்னாளில் தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் முதற்பதிப்பு அளவாகக் கொண்ட எண் அது. ஆகவே பிழை கூட்டல் கழித்தலில் இல்லை.

பத்தாயிரம் என்னும் படி எண்ணிக்கையும் ஒரு வணிகக் கணக்கு மட்டுமன்று. பாஞ்சாலி சபத முன்னுரையில், சிறிதளவே படிப்புப் பழக்கம் உடையோரும் பொருள் உணரத்தக்க எளிய நடையில் காப்பியம் செய்வதைத் தம் நோக்கமாகப் பாரதி அறிவித்தார். எளிய நடை, குறைந்த விலை, மிகுந்த படிகள் ஆகிய மூன்றும் ஒரே முடிவின் மூன்று வடிவங்கள். யாப்பில் எடுத்த முடிவை அவர் அச்சுக்கூடத்துக்கும் நீட்டித்தார் எனலாம். பாரதியின் கவிதையியலை ஆராய்வோர் இக்கடிதத்தையும் அவருடைய இலக்கியக் கொள்கைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் தகும்.

அப்படியாயின் திட்டம் எங்கே தவறிற்று? அதன் விடை அவர் கையாண்ட ஒப்புமையிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் தம் தரத்தால் மட்டும் சிற்றூர்களுக்குச் சென்றவை அல்ல. முகவர், மொத்த வணிகர், சந்தைக்காரர், தெருக்கோடிக் கடைக்காரர் என்னும் நீண்ட சங்கிலி அவற்றைக் கொண்டு சென்றது. நூலுக்கு அத்தகைய சங்கிலி இருந்ததா? ஓரளவு இருந்தது, ஆனால் வேறு வகை நூலுக்கு இருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி தம் முச்சந்தி இலக்கியம் (2004) நூலில் ஆராய்ந்த குஜிலிப் பாடல் நூல்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடிப் பாடியே விற்கப்பட்டன. கொலைச் சிந்துக்கும் கும்மிக்கும் கிடைத்த அவ்வழி, அரை ரூபாய் விலையுள்ள நூலுக்குத் திறந்திருக்கவில்லை. புலவர் வட்டத்தின் கையொப்ப முறைக்கும் குஜிலிக் கடையின் கூவி விற்கும் முறைக்கும் இடையில் பாரதியின் வாசகர் இருந்தார். அவருக்கு அப்போது முகவரி இல்லை.

பாரதியின் கணிப்பு பொய்க்கவில்லை என்பதற்குப் பிற்கால வரலாறே சான்று. அவர் மறைந்தபின் செல்லம்மா பாரதி 1922இல் பாரதி ஆச்ரமத்தின் வழி நூல் வெளியிட்டார். பின்னர்ப் பாரதி பிரசுராலயம் அப்பணியைத் தொடர்ந்தது. 1949இல் பதிப்புரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்றது; அதன்பின் அது பொதுவுடைமையும் ஆயிற்று. மலிவுப் பதிப்புகள் பெருகின. அவர் எதிர்பார்த்த வாசகர் உண்மையில் இருந்தார். பள்ளியும், மேடையும், விடுதலை இயக்கமும், இசைத்தட்டும், திரைப்படமும் அவரைத் திரட்டித் தருவதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

கைச்சுமை: செல்லப்பாவின் வழி

சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் எழுத்து இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். எழுத்து பிரசுரம் என்னும் பெயரில் நூல்களும் வெளியிட்டார். புதுக்கவிதை வரலாற்றில் இடம்பெற்ற புதுக்குரல்கள் தொகுப்பு (1962) அவ்வாறு வந்ததே. வணிக இதழ்களின் வாசகரை அவர் நாடவில்லை, சந்தாதாரரை நம்பினார். அச்சிட்ட நூல்களைப் பையில் சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று தாமே விற்றார் என்பதை அவரை அறிந்த எழுத்தாளர் பலரும் பதிவு செய்துள்ளனர்.

இது கையொப்ப முறையின் மறுவடிவம் எனத் தோன்றலாம். வேறுபாடு உண்டு. சாமிநாதையர் நாடியது ஏற்கனவே உருவாகியிருந்த புலமை வட்டத்தை. செல்லப்பா தேடிச் சென்றது இன்னும் உருவாகாத வாசகரை. கல்லூரித் தமிழ்த் துறையின் வாயிலில் பையுடன் நின்ற எழுத்தாளர் அங்கு நூலை மட்டும் விற்கவில்லை. புதுக்கவிதை என்பது கவிதைதானா என்னும் வினாவுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. விற்பனையும் விமர்சனமும் அங்கு ஒரே செயலாயின. புதுக்கவிதை பின்னாளில் பாடத்திட்டத்தில் இடம்பெற்றதற்கு அந்நடையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

விடுதலைப் போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்ட சுதந்திர தாகம் என்னும் நாவலை மூன்று தொகுதிகளாக 1997இல் அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது 85. மறு ஆண்டு அவர் மறைந்தார். 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அந்நாவலுக்கு வழங்கப்பட்டது. ஆசிரியர் வெளியீடு தரத்தில் தாழ்ந்தது என்னும் முன்முடிவுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆயினும் திறனாய்வு ஒன்றைக் கூறியாக வேண்டும். அந்நாவலின் நீளம் தன்வெளியீட்டின் பலத்தையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. வணிகக் கணக்குப் பார்க்கும் பதிப்பகம் மூன்று தொகுதிகளுக்கு எளிதில் இசைந்திராது; அவ்வகையில் நூல் முழுமையாக நமக்குக் கிடைத்தது அவருடைய பிடிவாதத்தால்தான். அதே வேளையில், வரலாற்றுச் செய்திகளின் விரிவு கதையோட்டத்தைத் தடுக்கும் இடங்களில், வெளியிலிருந்து ஒரு செம்மையாளர் கைவைத்திருந்தால் நாவல் இன்னும் இறுகியிருக்கும். தானே வெளியிடும் ஆசிரியருக்கு மறுப்புச் சொல்வோர் எவரும் இல்லை. அதுவே அவருக்கு விடுதலை. அதுவே அவருக்கு இழப்பு.

இன்றைய நிலை

மேற்கண்ட மூவரும் எதிர்கொண்ட தடைகளுள் பொருள் திரட்டலும் நூலாக்கமும் இன்று பெரிதும் எளிதாகிவிட்டன. கணினித் தட்டச்சும் தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் வந்தபின் நூறு படிகூட அச்சிட இயலும். மின்னூலாயின் அச்சுச் செலவே இல்லை. சர்வதேசத் தர நூல் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, தம் நூலைத் தாமே வெளியிடும் ஆசிரியர்க்கும் கட்டணமின்றி வழங்குகிறது. இவ்வெளிமை இரு குழப்பங்களுக்கு இடமளித்துள்ளது.

முதலாவது, அடையாள எண்ணைத் தரச்சான்றாகக் கருதும் குழப்பம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்களின் நூல்களுக்கு மதிப்பெண் அளித்தபின், எண் பெற்ற நூல் வேண்டும் என்பதற்காகவே ஆய்வேடுகள் அச்சேறின. அவ்வெண் நூலை அடையாளம் காட்டுமேயன்றி அளந்து காட்டாது. இரண்டாவது, நூலாக்கம் எளிதானதால் திருத்தமும் எளிதாயிற்று என்னும் குழப்பம். ஒருங்குறியில் தட்டச்சிட்ட பிரதியைப் பக்க வடிவமைப்புக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைவதும், மெய்ப்பு நோக்குபவர் ஆசிரியர் ஒருவரே ஆதலால் ஒற்றுப்பிழைகள் தங்கிவிடுவதும் இன்றைய தன்வெளியீடுகளில் அன்றாடக் காட்சி. தாம் எழுதியதைத் தாமே மெய்ப்பு நோக்குபவர், தாளில் இருப்பதை விட்டு மனத்தில் இருப்பதையே படிக்கிறார்.

மூன்றாவது பணியான வாசகரிடம் சேர்த்தல் அன்றிருந்த நிலையிலேயே இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு நூலக ஆணையைப் பெறும் நூல் அம்மாநில நூலகங்களுக்குச் செல்லும். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் இடம்பெறும் நூல் அங்கு வருவோர் கண்ணில் படும். தமிழகத்துக்கு வெளியே இயங்கும் நம் போன்ற தமிழ்த் துறைகளின் நூலகங்களுக்கு ஆசிரியர் வெளியீடுகள் வந்து சேர்வது, எவரேனும் ஒருவர் கையோடு கொண்டு வந்தால்தான். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிடுபவர் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்குப் படி அனுப்ப வேண்டும். தாமே வெளியீட்டாளர் என்பதை உணராத ஆசிரியர்கள் இக்கடமையையும் உணர்வதில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களுக்கே உரியது. நூற்பதிவு அதில் இல்லை. எனவே இன்று வெளிவரும் ஆசிரியர் வெளியீடு தேசிய நூலகத்துக்கும் செல்லாதாயின், நாளைய ஆய்வாளருக்கு அது எழுதப்படாத நூலே.

இதனைப் பிறர் குறையாகக் கூறுவதற்கில்லை. இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வேடும் தன்வெளியீடாக 300 படிகள் அச்சானது. தாள், அட்டை, அணிந்துரை என எல்லாம் திட்டமிடப்பட்டன; யார் படிப்பார் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை. விழாவிலும் அன்பளிப்பாகவும் சென்றவை போக, விலை கொடுத்து வாங்கப்பட்டவை 31. கட்டுப் பிரிக்கப்படாத படிகள் இன்றும் வீட்டில் உள்ளன. சிந்தாமணிக்குக் கையொப்பம் திரட்டிய வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியும், அதிலிருந்து ஒரு பாடமும் கற்கவில்லை என்பது அக்கட்டுகளைக் காணும்போது விளங்குகிறது.

முடிவுரை

சாமிநாதையருக்கு வாசகர் பட்டியல் அச்சுக்கு முன்னரே இருந்தது, நூல் நிலைபெற்றது. பாரதியிடம் தெளிந்த கணக்கும் உயர்ந்த நூல்களும் இருந்தன. அவற்றை வாசகரிடம் கொண்டு செல்லும் வழி இல்லை. செல்லப்பா அவ்வழியைத் தம் கால்களால் அமைத்தார். மூன்றையும் ஒருங்கு நோக்கும்போது, தன்வெளியீட்டின் முதல் செலவு தாளுக்கு உரியதன்று, வாசகரைக் கண்டடைவதற்கு உரியது என்பது பெறப்படும்.

இதிலிருந்து திறனாய்வுக்கும் ஒரு கடமை பிறக்கிறது. நூலை வெளியிட்டவர் யார் என்னும் கேள்வியால் தரத்தை முடிவு செய்யும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அதனிடத்தில் கேட்க வேண்டியவை மூன்று: ஆசிரியர் தவிர வேறெவர் இதைத் திருத்தினார்? யாருக்காக இது அச்சிடப்பட்டது? நாளை தேடுபவருக்கு இதன் படி எங்கே கிடைக்கும்? இக்கேள்விகளை ஆசிரியர் அச்சகத்துக்குச் செல்லும் முன்பே தமக்குத் தாம் கேட்டுக்கொள்வாராயின், அச்சாகும் நூல்களின் எண்ணிக்கை ஒருவேளை குறையும். படிக்கப்படும் நூல்களின் எண்ணிக்கை குறையாது.